சாலையோரச் சுமைதாங்கிக் கல்லுக்கு அருகில் வைக்கும் பலகையில் என்ன எழுதலாம்?

கேள்வி: பெண்ணைக்கரை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். கடலூருக்கு வடக்கே தென்பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி, புதுச்சேரி எல்லைக்கு முன்பாக மேற்கே பிரியும் ஒரு கிளைச்சாலையில் எங்கள் ஊர் இருக்கிறது. அந்தச் சாலையில் பழைய புளியமரம் ஒன்றின் அடியில், இரண்டு கல்தூண்களை நட்டு அவற்றின் மேல் நீளமான ஒரு கல்லைக் கிடத்திய அமைப்பு என் நினைவு தெரிந்த நாளிலிருந்து நிற்கிறது. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் அதன்மேல் பையை வைப்பார்கள், பிள்ளைகள் ஏறி உட்காருவார்கள். ஆடி மாதத்தில் யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டுப் போவார்கள். பெரியவர்கள் சிலர் அதை முனியப்பன் கல் என்பார்கள், சிலர் வெறுமனே சுமைக்கல் என்பார்கள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

சென்ற மாதம் சாலையை அகலப்படுத்தும் பணி தொடங்கியது. மண் அள்ளும் இயந்திரம் ஓரத்தை வெட்டிக்கொண்டு வந்தபோது அதன் பல் பட்டு மேற்கல் சரிந்து வாய்க்காலில் விழுந்தது. நல்லவேளையாக உடையவில்லை. அது விழுந்த விதத்தில், இத்தனை காலமாக மரத்தின் பக்கம் திரும்பியிருந்த முகம் மேலே வந்துவிட்டது. அதில் எழுத்துகள் இருக்கின்றன! நாற்பது வருடமாக அந்தக் கல்லைக் கடந்து போய்க்கொண்டிருந்த நான் அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

தேங்காய் நாரால் சேற்றைத் தேய்த்து, தண்ணீர் விட்டுப் பார்த்ததில் நான்கு வரிகள் தெரிந்தன. முதல் வரியை ‘தாது ளு தை மீ யஉ உ’ என்றுதான் என்னால் படிக்க முடிந்தது. இரண்டாம் வரியின் தொடக்கத்தில் கல் பொரிந்துபோயிருக்கிறது, முடிவில் ‘அம்மாள்’ என்பது மட்டும் தெளிவாக உள்ளது. அடுத்த வரி ‘ஞாபகாற்தம்’. நான்காம் வரியில் ‘உபயம்’ என்ற சொல்லைத் தவிர மற்றவை தேய்ந்துவிட்டன. அதற்குக் கீழே சுண்ணாம்பும் மண்ணும் சேர்ந்து இறுகிப்போயிருப்பதால், வேறு எழுத்து இருக்கிறதா என்பது தெரியவில்லை.

ஊர் இளைஞர்கள் இந்தக் கல்லை மறுபடியும் நட்டு, அருகில் ஒரு கருங்கல் பலகை வைக்க வேண்டும் என்று ஆர்வமாக இருக்கிறார்கள். செலவை ஏற்க ஒருவர் முன்வந்திருக்கிறார். பலகையில் ‘ஆயிரம் ஆண்டுப் பழமையான சோழர் காலக் கல்’ என்று எழுதலாம் என்பது அவரது விருப்பம். எனக்கு அது சரியென்று படவில்லை, ஆனால் மறுத்துச் சொல்ல என்னிடம் விவரம் இல்லை. இந்தக் கல் எது, இதில் எழுதியிருப்பது என்ன, பலகையில் எதை எழுதுவது முறை என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: கல்லெழுத்து ஆர்வலர், விருத்தாசலம்

ஐயா, உங்கள் ஊரில் இருப்பது சுமைதாங்கிக் கல். தலைச்சுமையோடு நடந்துவரும் ஒருவர், இன்னொருவர் கைகொடுக்காமலேயே சுமையை இறக்கி வைக்கவும் திரும்பத் தூக்கிக்கொள்ளவும் ஏதுவாகத் தோள் உயரத்தில் அமைப்பது இதன் இலக்கணம். கருவுற்ற நிலையில், வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் இதை வழியோரத்தில் நட்டுவைப்பது தமிழ்நாடெங்கும் இருந்த வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு அவள் போய்விட்டாள் என்பதால், வழியில் போகிறவர்களுடைய சுமையையாவது அவள் பெயரால் இறக்கி வைக்கட்டும் என்று எண்ணினார்கள். பெரும்பாலும் மரநிழலும் கிணறும் உள்ள இடமாகப் பார்த்தே நட்டார்கள். உங்கள் புளியமரத்தடியில் தூர்ந்துபோன கிணறு எதுவும் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

இப்போது எழுத்துக்கு வருவோம். நீங்கள் ‘ளு’ என்று படித்தது எழுத்து அன்று, வருடத்தைக் குறிக்கும் ௵ என்ற குறி. ‘மீ’ என்று படித்தது மாதத்தைக் குறிக்கும் ௴. கடைசியில் உள்ள ‘உ’ நாளைக் குறிக்கும் ௳. நடுவில் உள்ள ‘யஉ’ என்பது தமிழ் எண். ௰ என்றால் பத்து, ௨ என்றால் இரண்டு, ஆகப் பன்னிரண்டு. எனவே முதல் வரி ‘தாது வருடம் தை மாதம் 12ஆம் நாள்’ என்பதாகும். பழைய பத்திரங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தக் குறிகள் தண்ணீர்பட்ட பாடு. பள்ளிக்கூடங்களில் தமிழ் எண்களைச் சொல்லித்தருவது நின்றுபோனதால் நம் தாத்தா கையெழுத்துப் போட்ட பத்திரத்தையே நம்மால் படிக்க முடியாமல் போயிற்று என்பது என் நீண்டநாள் வருத்தம்.

தாது என்பது அறுபது வருட வட்டத்தில் பத்தாவது. 1816–17, 1876–77, 1936–37 ஆகிய மூன்றும் தாது வருடங்களே. ‘ஞாபகாற்தம்’ என்று பேச்சொலிக்கு ஏற்ப வெட்டியிருப்பதையும், சொல் வழக்கையும் பார்க்கும்போது இது சோழர் காலத்துக் கல் அன்று என்பது உறுதி. மூன்றில் எந்தத் தாது என்பதை இந்த வரியை மட்டும் வைத்துச் சொல்வது முறையாகாது. கீழே இறுகிக் கிடக்கும் பகுதியில் ஆங்கில ஆண்டு இருக்க வாய்ப்புண்டு, ஏனென்றால் 19ஆம் நூற்றாண்டில் இரண்டு கணக்கையும் சேர்த்து வெட்டும் பழக்கம் பரவலாக இருந்தது.

அதைப் பார்க்க உளி, இரும்புத் தூரிகை, அமிலம் எதையும் கல்லின் அருகே கொண்டுபோகாதீர்கள். ஈரச்சாக்கை ஓரிரவு போர்த்தி வைத்து, ஊறிய பிறகு மூங்கில் குச்சியால் மெதுவாக நெம்பினாலே சுண்ணாம்பு பெயர்ந்து வரும். எழுத்துப் பள்ளத்தில் வண்ணம் பூசுவதும் வேண்டாம், பூசுகிறவர் தவறாகப் படித்துவிட்டால் அடுத்து வருகிறவர்களும் அந்தத் தவறையே படிப்பார்கள். இருட்டிய பிறகு போய், டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், முகத்தோடு முகம் உரசுவதுபோல வைத்து அடித்துப் பாருங்கள். பகலில் கண்ணுக்குப் படாத கீறல்கூட நிழல் விழுந்து எழும்பித் தெரியும்.

மறுமொழி: முத்தியால்பேட்டை வாசகர், புதுச்சேரி

பலகையில் என்ன எழுதுவது என்ற கேள்விக்கு மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கல்வெட்டும் பலகையும் புதிதல்ல. பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய நீலநிறத் தெருப்பெயர்ப் பலகைகளைப் பார்த்தபடியேதான் பள்ளிக்குப் போனோம். ஆனால் எந்தப் பலகை பேசுகிறது, எது பேசாமல் நிற்கிறது என்பதைக் கவனித்தால் ஒரு பாடம் கிடைக்கும்.

கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிர்ப்புறத்தில் இருக்கும் போர் நினைவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938இல் திறக்கப்பட்டது அது. ஆண்டுதோறும் ஜூலை 14ஆம் நாளில் விளக்குகளால் அலங்கரிக்கிறார்கள். வாசகம் பிரெஞ்சில் இருப்பதால், மாலையில் கடற்காற்று வாங்க வரும் ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் அது யாருக்காக நிற்கிறது என்று அறியாமலே அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இங்கிருந்து கப்பலேறிப் போன தமிழ்ப் பிள்ளைகளின் கதை, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிக்கும் மொழியில் அங்கே இருந்திருக்க வேண்டாமா?

இன்னொரு பக்கம் கீழூரைப் பாருங்கள். 1954 அக்டோபர் 18ஆம் நாள், பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அந்தச் சிற்றூரில் கூடி வாக்களித்தபோது 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் கைமாறியது, சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16இல்தான் நிறைவேறியது. எட்டுப் பேர் எதிர்த்தார்கள் என்பதைச் சொல்வதால் அந்த நாளின் பெருமை ஒருதுளியும் குறைவதில்லை. இதையெல்லாம் சொல்லுகிற பலகையைத்தான் நான் நல்ல பலகை என்பேன்.

பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபத்தின் கதை இதற்கு நேர்மாறானது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நகரத்துக்கு முத்திரையர்பாளையத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகக் கட்டப்பட்ட மண்டபம் அது. ஆயி என்ற தாசியின் மாளிகையில் எரிந்த விளக்கைக் கண்டு கோயில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கைகூப்பினார் என்பதும், உண்மை தெரிந்து அவர் சினந்தபோது அவளே வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பதும் வழிவழியாக வரும் கதை. கதையைக் கதையாகச் சொன்னால் அழகு. மண்டபம் கட்டியது வரலாறு, விளக்கைப் பார்த்துக் கும்பிட்டது கதை என்று இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால், கேட்கிறவர் இரண்டையும் நம்புவார் அல்லது இரண்டையும் தள்ளிவிடுவார்.

இதில் எனக்கு மிக நெருக்கமானது 1936 ஜூலை 30. எங்கள் ஊர்ச் சவானா பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் அடுத்த ஆண்டில் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் மாலை போடுகிறார்கள். அந்த ஆலைத் தெருவைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைகளிடம் எத்தனை பேர், ஏன் என்று கேட்டால் விடை வருவதில்லை. ஆளுநர்களுக்கும் தளபதிகளுக்கும் கிடைத்த கல்லும் எழுத்தும் தறி ஓட்டியவர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. உங்கள் ஊரில் பெயர் பாதி அழிந்த ஒரு பெண்ணுக்கு ஏற்கெனவே கல் இருக்கிறது. அவளுக்கு மேலே சோழரை ஏற்றி வைக்க விடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், பண்ருட்டி

கல் நிற்கும் இடம் சாலைப் புறம்போக்கா, ஊராட்சி இடமா என்பதை முதலில் புல வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லை ஓர் அங்குலம்கூட நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, மரத்திலிருந்தும் சாலை நடுவிலிருந்தும் அளந்து குறித்துவையுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு மாவட்ட ஆட்சியருக்கும் சாலைப் பணியைக் கவனிக்கும் பொறியாளருக்கும் விண்ணப்பம் கொடுத்து, கையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன எதுவும் ஒப்பந்தக்காரர் மாறியவுடன் காற்றோடு போய்விடும், என் பணிக்காலத்தில் இப்படி இரண்டு கற்கள் தரைப்பாலத்துக்கு அடியில் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும் தகவல் சொல்லுங்கள். ஆனால் கல் ஊரிலேயே, சாலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

மறுமொழி: மஞ்சக்குப்பம் ஆசிரியை

முத்தியால்பேட்டை அன்பர் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. கல்லும் பலகையும் இருந்தால்தான் வரலாறு நினைவில் நிற்கும் என்பதில்லை. எங்கள் கடலூரில் ஊர்ப்பெயரே பலகையாக நிற்கிறது.

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் எலிகு யேல் ஆளுநராக இருந்தார். கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்பதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல்தான் விந்தையானது. கோட்டையிலிருந்து நாலா திசையிலும் ஒரு பெரிய பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். அதற்காகவே சென்னையிலிருந்து நல்ல பீரங்கி ஒன்றைத் தேர்ந்து அனுப்பினார்கள். குண்டை எவ்வளவு தொலைவுக்கு ஓட்டுவது என்பது பீரங்கிக்காரரின் கைத்திறன் என்று சென்னையிலிருந்து கடிதத்தில் சொல்லியும் விட்டார்கள். அப்படிக் குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயராயிற்று. இன்றைக்கும் குண்டு உப்பலவாடி என்ற ஊர் இருக்கிறது, குண்டுசாலையில் நாள்தோறும் பேருந்து ஓடுகிறது. எழுபது ஆண்டுகூட நிலைக்காமல் 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்துவிட்டார். 1746 முதல் 1752 வரை, சென்னை கையைவிட்டுப் போய்த் திரும்பியும் வந்த காலத்தில், இந்தக் கரையோர ஆங்கிலேய ஆட்சிக்கே தலைமையிடமாக இருந்த இடம் அது. இன்று கெடிலத்தின் முகத்துவாரத்தருகே செடிகொடி மூடிய சில சுவர்களாக இருக்கிறது. கோட்டை போய்விட்டது, குண்டு மட்டும் ஊர்ப்பெயரில் தங்கிவிட்டது.

வகுப்பில் ஒருமுறை இந்தப் பெயருக்குக் காரணம் கேட்டபோது, உப்பலவாடியிலிருந்தே வரும் ஒரு சிறுமி எழுந்து, முன்காலத்தில் அங்கே குண்டான மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று மிக நம்பிக்கையோடு சொன்னாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பேருந்து நிறுத்தத்தில் மூன்று வரி எழுதிய ஒரு பலகை இருந்திருந்தால், நாள்தோறும் அதன் கீழே நின்றே அவள் படித்திருப்பாள். ஆகவே பெயர் நினைவைக் காக்கும், ஆனால் பொருளைக் காக்கப் பலகை வேண்டும் என்று என் முதல் வாக்கியத்தை நானே திருத்திக்கொள்கிறேன். கேப்பர் மலை என்ற பெயரில் ஓர் ஆங்கிலேய அதிகாரி இருக்கிறார், ரெட்டிச்சாவடி என்ற பெயரில் வழிப்போக்கர் தங்கிய சாவடி இருக்கிறது. ஆனால் கேப்பர் மலையை நினைக்கும்போது எனக்கு அந்த அதிகாரி நினைவுக்கு வருவதில்லை. 1918 நவம்பரில் புதுவையைவிட்டு வெளியே வந்ததும் கைதுசெய்யப்பட்ட பாரதியார், டிசம்பர் 14 வரை அந்த மலையில் உள்ள கடலூர்ச் சிறையில் இருந்த நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

நம்பிக்கையையும் சான்றையும் பிரித்து எழுத வேண்டும் என்று அன்பர் சொன்னதற்குத் திருப்பாதிரிப்புலியூரே சாட்சி. கல்லோடு கட்டிக் கடலில் விடப்பட்ட அப்பர் கரையேறிய இடம் என்று கரையேறவிட்டகுப்பத்தை நாங்கள் போற்றுகிறோம். அது பக்தி, அதை யாரும் அளந்து பார்க்க வேண்டியதில்லை. அதே ஊரில் சமணப் பள்ளி இருந்த காலத்தில், சிம்மவர்ம பல்லவனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி என்ற முனிவர் லோகவிபாகம் என்ற நூலை எழுதி முடித்தார். பூச்சியத்தோடு கூடிய இடமதிப்பு எண்முறையைப் பயன்படுத்திய, காலம் உறுதியாகத் தெரிந்த நூல்களில் மிகப் பழையது அதுவே என்று கணித வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். நூலில் வரும் பாடலி என்ற ஊரைத் திருப்பாதிரிப்புலியூர் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். கடைத்தெருவில் கணக்குப் போடும் ஒவ்வொருவருக்கும் உரிய செய்தி அல்லவா இது?

மீண்டும்: பெண்ணைக்கரை வாசகர்

எல்லோருக்கும் என் நன்றி. விருத்தாசலம் ஐயா சொன்னபடி ஈரச்சாக்கைப் போர்த்தி வைத்து, மறுநாள் மாலை நானும் இரண்டு பிள்ளைகளும் மூங்கில் குச்சியால் நெம்பினோம். சுண்ணாம்பு தகடு தகடாகக் கழன்று வந்தது. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் விளிம்பில் சாய்த்து அடித்தபோது, ஒன்றுமில்லை என்று நினைத்த இடத்தில் ஐந்தாவது வரி எழும்பி நின்றது. கூட இருந்த சிறுவன் கையை எடுத்துக்கொண்டான், தொட்டால் அழிந்துவிடுமோ என்று பயந்துவிட்டான். அந்த வரியில் முதல் எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வடிவம். அதன்பின் ‘அ’, ‘ள’ போன்ற ஒன்று, ‘எ’, ‘ய’, மறுபடியும் ‘எ’, கடைசியில் அந்த வருடக் குறி ஆகியவை இருக்கின்றன. இது எண்ணாக இருக்குமோ என்று தோன்றுகிறது. தூர்ந்த கிணறு ஒன்றும் உண்டு என்று என் பெரியம்மா சொன்னார். மரத்துக்குத் தெற்கே பத்தடியில் இருந்ததாம்.

ஒரு சிக்கலும் இருக்கிறது. சாலையை உயர்த்தி உயர்த்தித் தூண்கள் மண்ணுக்குள் போயிருப்பதால் இப்போது அவை மூன்றடி உயரம்தான் தெரிகின்றன. அப்படியே நடுவதா, உயர்த்தி நடுவதா?

மறுமொழி: கல்லெழுத்து ஆர்வலர், விருத்தாசலம்

நீங்கள் நினைத்தது சரி, அது எண்தான். முதலில் உள்ளது ௲, ஆயிரம். அதன்பின் ௮௱ என்றால் எண்ணூறு, ௭௰ என்றால் எழுபது, ௭ என்றால் ஏழு. 1877. தாது வருடத் தை மாதம் என்றால் 1877 ஜனவரிதான், ஆகவே இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. கல் வெட்டியவர் கணக்கில் கவனமானவர்.

அந்த ஆண்டைக் கேட்டவுடன் உங்கள் மனம் எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். 1876இல் மழை பொய்த்து, 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்றுதான் நம் பாட்டிகள் சொன்னார்கள். கஞ்சித்தொட்டிகளும் நிவாரண வேலைகளும் நடந்த காலம் அது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாயை அந்தக் கூலியாட்களைக் கொண்டே வெட்டினார்கள். அப்படியானால் இந்தப் பெண் பஞ்சத்தில் இறந்தாள் என்று பலகையில் எழுதலாம் என்று யாராவது சொல்வார்கள். எழுதாதீர்கள். கல்லில் ஆண்டு இருக்கிறது, காரணம் இல்லை. அவள் பிரசவத்தில் இறந்தாளா, காய்ச்சலில் இறந்தாளா என்பதையும் கல் சொல்லவில்லை. பட்டினிக் காலத்திலும் ஒரு குடும்பம் கல்தச்சனுக்குக் கூலி கொடுத்து இதை நட்டது என்பது மட்டும் கல்லிலிருந்தே தெரிகிறது, அதுவே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

தமிழ்நாட்டில் சாலையோரக் கல் வழிப்போக்கரை எவ்வளவு மதித்தது என்பதற்குத் தருமபுரி அருங்காட்சியகத்தில் ஒரு சான்று இருக்கிறது. அதியமான் பெருவழி என்று பெயர் பொறித்த அந்தக் கல், நாவற்றாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் தூரம் என்று எழுத்தில் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் வெட்டி வைத்திருக்கிறது. பெரியது பத்து, சிறியது ஒன்று. எழுத்தறியாதவரும் இருட்டில் விரலால் தடவித் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். பலகை எழுதும்போது அந்தக் கல்தச்சனை நினைத்துக்கொள்ளுங்கள். யார் படிக்கப் போகிறார்களோ அவர்களுக்காக எழுதுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், நின்றபடி அரை நிமிடத்தில் படித்துவிடும் அளவில் இருக்கட்டும்.

வாசகத்துக்கு என் முன்வரைவு இது:

“சுமைதாங்கிக் கல். தாது வருடம் தை மாதம் 12ஆம் நாள் (கி.பி. 1877 ஜனவரி) ஓர் அம்மாளின் நினைவாக நடப்பட்டது. அவர் பெயர் இருந்த இடத்தில் கல் சிதைந்துள்ளது. தலைச்சுமையோடு நடப்பவர்கள் சுமையை இறக்கி இளைப்பாற இத்தகைய கற்களை நட்டார்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களுக்காக இவற்றை நடுவது தமிழ்நாட்டு வழக்கம். சாலைப் பணியின்போது விழுந்த இக்கல்லை ஊரார் மீண்டும் நிறுத்தினர்.”

செலவு ஏற்பவரின் பெயரைப் பலகையின் பின்பக்கத்தில் சிறிதாகப் போடலாம். பழைய கல்லிலும் உபயம் செய்தவர் அந்த அம்மாளுக்குக் கீழேதானே இருக்கிறார் என்று சொன்னால் அவர் ஏற்றுக்கொள்வார்.

உயரத்தைப் பொறுத்தவரை, தூணைத் தோண்டி எடுக்கும்போது முற்காலத்து மண்மட்டம்வரை ஒரு நிறமும், புதைவதற்காகவே விட்ட அடிப்பகுதியில் வேறு நிறமும் இருக்கும். அடிப்பகுதியைக் கொத்தாமல் கரடாகவே விட்டிருப்பார்கள். அந்தக் கரடு தொடங்கும் இடம்வரை மட்டும் புதையுங்கள்.

மீண்டும்: பெண்ணைக்கரை வாசகர்

நேற்றுக் கல் நின்றுவிட்டது. கிராம சபைத் தீர்மானத்துக்குப் பிறகு ஒப்பந்தக்காரரே பளுதூக்கியை அனுப்பிவைத்தார். பழைய இடத்திலிருந்து பதினெட்டு அடி மேற்கே, பெரியம்மா காட்டிய கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில், எழுத்துள்ள முகம் சாலையைப் பார்க்கும்படி நட்டோம். நீங்கள் சொன்ன கரடு தூண்களில் தெளிவாகவே தெரிந்தது. அதுவரை மட்டும் புதைத்தபோது மேற்கல் நாலரை அடி உயரத்தில் வந்து நின்றது. அவ்வளவு உயரமாக அதை நான் பார்த்ததில்லை.

செலவு ஏற்பவர் வாசகத்துக்குச் சம்மதித்துவிட்டார். ‘சோழர்’ போனதில் முதலில் அவருக்கு வருத்தம்தான், பெயர் சிதைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகு ஒன்றும் பேசவில்லை. பலகை அடுத்த வாரம் வரும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவரும் ஓர் அம்மா இன்று காலை கூடையோடு வந்தவர், உயரத்தைப் பார்த்து நின்றார். இதன்மேல் வைக்கலாமா, சாமிக் கல்லா என்று கேட்டார். வைப்பதற்காகத்தான் அம்மா என்றேன். தலையைச் சற்றே சாய்த்தார், கூடை அப்படியே கல்லின்மேல் நகர்ந்து உட்கார்ந்தது. சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்த ஊருக்கு வரத் தொடங்கிய இருபது வருடத்தில், யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல் தான் கூடையை இறக்கியது இன்றைக்குத்தான் என்று சொன்னார்.